ஏழு என்றால் எழுபதா? கல்லூரி கிரேடையும் சிஜிபிஏவையும் புரிந்துகொள்ள

அக்கா மகளின் முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்று வீட்டில் எல்லோரும் அவள் போனைச் சுற்றி நின்றோம். பிளஸ் டூ வரை ‘600-க்கு எத்தனை’ என்று கேட்டுப் பழகிய வீடு. திரையில் மார்க் எதையும் காணோம். ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே ஓர் எழுத்து, கடைசி வரியில் 8.53 என்று ஓர் எண், அவ்வளவுதான். “அப்போ எத்தனை பர்சன்ட்டும்மா?” என்று தாத்தா கேட்டார். அக்கா யோசிக்காமல் “85 வரும்ப்பா” என்றாள்.

அந்தப் பதில் சரியாக இருக்கவும் வாய்ப்புண்டு, ஏழெட்டு மார்க் தள்ளிப்போகவும் வாய்ப்புண்டு. அவள் எந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள் என்பதைப் பொறுத்தது அது. 8.53 போன்ற இந்தச் சராசரிப் புள்ளியைப் பத்தால் பெருக்கினால் சதவீதம் வந்துவிடும் என்று நம் வீடுகளில் முக்கால்வாசிப் பேர் நினைக்கிறோம். மூன்று வருடம் படித்து முடித்து வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் இது பிள்ளைகளுக்கு உறைக்கிறது. முதல் செமஸ்டரிலேயே தெரிந்திருந்தால் எவ்வளவோ நல்லது. கணக்கும் கடினமானதில்லை. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

மார்க் எழுத்தாவது எப்படி?

முன்பெல்லாம் நம் பல்கலைக்கழகங்களில் மார்க்கும் சதவீதமும்தான். 60-ஐத் தொட்டால் ஃபர்ஸ்ட் கிளாஸ், 75-ஐத் தொட்டால் டிஸ்டிங்ஷன் என்பது பெரும்பாலான இடங்களில் வழக்கம். ஐஐடி போன்ற நிறுவனங்கள் வெகுகாலமாகவே கிரேடு முறையில் இருந்தாலும், கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றுக்கு அது புதிது. பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, விருப்பத்தேர்வுக் கிரெடிட் முறைக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, 2015-16 கல்வியாண்டை ஒட்டி எல்லாப் பல்கலைக்கழகங்களையும் ஒரே பத்துப் புள்ளி அளவுகோலுக்கு வரச் சொன்னது.

ஏன் இந்த மாற்றம்? ஓரிடத்தில் 65 வாங்குவதே பெரும்பாடு. இன்னோரிடத்தில் 85 சர்வசாதாரணம். இரண்டு மாணவர்களையும் பக்கத்தில் நிறுத்தி 85 வாங்கியவர்தான் கெட்டிக்காரர் என்று சொல்லிவிட முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. ஒரே விடைத்தாளை இரண்டு ஆசிரியர்கள் திருத்தினால் இரண்டு மூன்று மார்க் வித்தியாசம் வரும். திருத்திய அனுபவம் உள்ள யாரும் இதை ஒப்புக்கொள்வார்கள். அப்படியிருக்க 73 வாங்கியவரைவிட 74 வாங்கியவர் மேல் என்று சொல்வதில் பொருளில்லை. அவர்களை ஒரே படியில் நிறுத்திவிடலாம் என்பதுதான் கிரேடு முறையின் அடிப்படை எண்ணம். தமிழ்நாட்டில் பொதுத்தேர்வுக்கு மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017-இல் நிறுத்தியதற்குப் பின்னாலும் இதையொட்டிய நியாயம் ஒன்று இருந்தது.

யுஜிசி சொன்ன படிகள் இவை. உச்சியில் ‘ஓ’, அதற்கு 10 புள்ளி. அடுத்து ‘ஏ பிளஸ்’ 9, ‘ஏ’ 8, ‘பி பிளஸ்’ 7, ‘பி’ 6, ‘சி’ 5. அதற்குக் கீழே பாஸ் என்பதைக் குறிக்கும் எழுத்து. தமிழில் எழுதினால் அதுவும் ‘பி’ என்றே வரும் என்பதால் அதை ‘பாஸ்’ என்றே எழுதுகிறேன், அதற்கு 4 புள்ளி. ஃபெயிலைக் குறிக்கும் ‘எஃப்’ வாங்கினாலும், தேர்வுக்கே போகாமல் ‘ஆப்சென்ட்’ ஆனாலும் 0.

நான்கிலிருந்து நேராகப் பூஜ்யத்துக்குப் போவதைக் கவனியுங்கள். 3, 2, 1 என்ற படிகளே கிடையாது. பாஸ் மார்க்குக்கு ஒரு மார்க் குறைந்தாலும் முப்பது மார்க் குறைந்தாலும் இந்த ஏணியில் ஒன்றுதான்.

சரி, எத்தனை மார்க் வாங்கினால் எந்த எழுத்து? பலரும் தடுமாறும் இடம் இது. எழுத்துகளையும் புள்ளிகளையும் யுஜிசி நிர்ணயித்தது. மார்க் எல்லையைப் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களிடமே விட்டுவிட்டது. ஒரு பரிந்துரையை மட்டும் சேர்த்தது: ‘பி’ கிரேடின் எல்லை 50 சதவீதத்துக்கும், ‘பி பிளஸ்’ எல்லை 55 சதவீதத்துக்கும் குறையக் கூடாது. உதவிப் பேராசிரியர் ஆவதற்கு முதுகலையில் 55 சதவீதம் வேண்டும் என்ற விதியை ஒட்டி வந்த எண் அது. ஆக, யுஜிசி பார்வையில் 55 வாங்கியவருக்கும் 7 புள்ளி கிடைக்கலாம். 7 என்றதும் 70 என்று எடுத்துக்கொண்டால் இங்கேயே 15 மார்க் பிசகுகிறது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷனை, அதாவது படிப்புக்கும் தேர்வுக்குமான விதித்தொகுப்பை, எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 91 முதல் 100 வரை ‘ஓ’. 81 முதல் 90 வரை ‘ஏ பிளஸ்’. 71 முதல் 80 வரை ‘ஏ’. 61 முதல் 70 வரை ‘பி பிளஸ்’. 50 முதல் 60 வரை ‘பி’. 50-க்குக் கீழே போனால் மறுபடி எழுத வேண்டியதுதான். அங்கே 7 புள்ளி 61-இல் தொடங்குகிறது. இன்னொரு பல்கலைக்கழகத்தில் 55-இல் தொடங்கலாம். எழுத்து ஒன்று, புள்ளி ஒன்று, பின்னால் இருக்கும் மார்க் வேறு.

கிரேடாக மாறுவது இன்டர்னலும் செமஸ்டர் தேர்வும் சேர்ந்த மொத்த மார்க். இரண்டுக்கும் உள்ள பங்கு இடத்துக்கு இடம் மாறும். 25-75 என்று பிரிப்பவர்கள் உண்டு, 40-60 என்று பிரிப்பவர்களும் உண்டு. அதனால் அசைன்மென்ட்டில் போகும் ஒரு மார்க்கைச் சின்னதாக நினைக்காதீர்கள். மேலே சொன்ன ரெகுலேஷனில் 80-க்கும் 81-க்கும் நடுவில் ஒரு முழுப் புள்ளி இருக்கிறது. ரீவேல்யுவேஷனுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பும் இதை யோசித்துக்கொள்ளுங்கள். 72 என்பது 78 ஆனால் சிஜிபிஏவில், அதாவது எல்லா செமஸ்டரும் சேர்ந்த சராசரிப் புள்ளியில், ஒரு மாற்றமும் வராது, இரண்டுமே ஒரே படி. 79 என்பது 81 ஆனால் படி ஏறும்.

கிரெடிட் என்கிற எடை

எழுத்து புள்ளியாகிவிட்டது. அதை அப்படியே கூட்டிச் சராசரி போட்டுவிடலாமா என்றால், கூடாது. எல்லாப் பாடமும் ஒரே கனம் இல்லை. வாரம் நான்கு மணி நேரம் நடக்கும் கணிதமும் இரண்டு மணி நேரம் நடக்கும் சுற்றுச்சூழல் கல்வியும் சமமாக முடியாது. அந்தக் கனத்தைச் சொல்லும் எண்தான் கிரெடிட்.

யுஜிசி கணக்குப்படி, ஒரு செமஸ்டர் முழுக்க வாரத்துக்கு ஒரு மணி நேரம் வகுப்பு நடந்தால் 1 கிரெடிட். லேப் என்றால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் சேர்ந்துதான் 1 கிரெடிட். இதை வைத்து டைம் டேபிளைப் பார்த்தாலே எந்தப் பாடம் கனமானது என்று சொல்லிவிடலாம்.

அக்கா மகள் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். அவள் ரிசல்ட்டையே எடுத்துக்கொள்வோம். தமிழ், 3 கிரெடிட், ‘ஓ’ கிரேடு: மூன்று பத்து 30. ஆங்கிலம், 3 கிரெடிட், ‘ஏ பிளஸ்’: மூன்று ஒன்பது 27. கணிதம், 4 கிரெடிட், ‘பி பிளஸ்’: நான்கு ஏழு 28. புரோகிராமிங், 3 கிரெடிட், ‘ஏ’: 24. சுற்றுச்சூழல் கல்வி, 2 கிரெடிட், ‘ஏ’: 16. லேப், 2 கிரெடிட், ‘ஓ’: 20. பெருக்கி வந்ததையெல்லாம் கூட்டினால் 145. கிரெடிட்டுகளைத் தனியாகக் கூட்டினால் 17. 145-ஐ 17-ஆல் வகுத்தால் 8.529, இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கினால் 8.53. திரையில் கடைசி வரியில் நின்ற எண் இதுதான். இதற்குப் பெயர் எஸ்ஜிபிஏ, அதாவது அந்த ஒரு செமஸ்டரின் சராசரிப் புள்ளி. சில பல்கலைக்கழகங்கள் வெறும் ஜிபிஏ என்றே எழுதும்.

கிரெடிட்டை விட்டுவிட்டு 10, 9, 7, 8, 8, 10 என்று ஆறையும் கூட்டி ஆறால் வகுத்திருந்தால் 8.67 வந்திருக்கும். கீழே இழுத்தது கணிதம். அவள் ஆறு பாடங்களில் மிகக் குறைவாக வாங்கியது அதில்தான். ஆறில் அதிக கனமும் அதற்குத்தான்.

இன்னும் கொஞ்சம் நோண்டிப் பார்ப்போம். கணிதத்தில் ஒரே ஒரு படி ஏறி ‘ஏ’ வாங்கியிருந்தால் மொத்தம் 149 ஆகும்; 17-ஆல் வகுத்தால் 8.76. அதே ஒரு படியைச் சுற்றுச்சூழல் கல்வியில் ஏறியிருந்தால் 147, அதாவது 8.65. உழைப்பு ஒரே அளவு என்று வைத்துக்கொண்டால் கணிதத்தில் போட்ட உழைப்புக்கு இரண்டு மடங்கு பலன். பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது எந்தப் புத்தகத்தை முதலில் எடுப்பது என்ற கேள்விக்கு இந்தக் கணக்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிடும்.

கிரெடிட்டைப் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பல மாணவர்கள் குழம்புவதால். கிரேடு கூடினால் கிரெடிட் கூடாது. கணிதத்தில் ‘ஓ’ வாங்கினாலும் கிடைப்பது 4 கிரெடிட்தான், தட்டுத்தடுமாறி ‘பாஸ்’ வாங்கினாலும் அதே 4 கிரெடிட்தான். ஃபெயிலானால் மட்டும் கிரெடிட் கிடையாது. கிரெடிட் நீங்கள் எவ்வளவு படித்து முடித்தீர்கள் என்பதற்கு. கிரேடு எப்படிப் படித்தீர்கள் என்பதற்கு. யுஜிசி 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும், நான்காண்டு ஹானர்ஸ் பட்டத்துக்கு 160. நாற்பது நாற்பதாக ஏறும் கணக்கு இது. 2021-இல் தொடங்கிய கல்விக் கிரெடிட் வங்கி என்ற ஏற்பாட்டில் மாணவர் சேர்த்த கிரெடிட்டுகள் அவர் பெயரில் கணக்கில் ஏறுகின்றன. அதிகபட்சம் ஏழு ஆண்டு வரை அவை செல்லும். நடுவில் படிப்பை விட்டவர் திரும்பி வந்து தொடர்வதற்கு இது உதவும்.

அரியர் வைத்தால் என்ன ஆகும்? மேலே உள்ள கணக்கில் கணிதத்தை மட்டும் ‘எஃப்’ ஆக்கிப் பாருங்கள். 28 போய் 0 வருகிறது. மொத்தம் 117, அதை 17-ஆல் வகுத்தால் 6.88. ஒரே பாடம் ஒன்றரைப் புள்ளிக்கு மேல் சாய்த்துவிடுகிறது. பிறகு எழுதிப் பாஸ் செய்தால் அந்தப் பூஜ்யத்தின் இடத்தில் புதிய கிரேடு வந்துவிடும், இது நிரந்தரக் காயம் இல்லை. சில பல்கலைக்கழகங்கள் பாஸ் ஆகாத பாடத்தைக் கணக்கிலேயே சேர்க்காமல், பாஸ் ஆனவற்றை மட்டும் வைத்துப் புள்ளி போடுகின்றன. அங்கே அரியர் இருக்கும்போதே ஜிபிஏ அழகாகத் தெரியும். அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. சுமாரான கிரேடில் அரியரை முடிக்கும்போது அது இறங்கலாம்.

செமஸ்டர்கள் சேரும்போது

எல்லா செமஸ்டரும் சேர்ந்த சராசரி சிஜிபிஏ. இங்கேயும் கிரெடிட்தான் எடை. அக்கா மகள் இரண்டாம் செமஸ்டரில் 22 கிரெடிட் படித்து 154 புள்ளி எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த செமஸ்டரின் எஸ்ஜிபிஏ 7.00. 8.53-ஐயும் 7.00-ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 7.77 வரும், ஆனால் அது சிஜிபிஏ ஆகாது. 145-உம் 154-உம் சேர்ந்து 299, 17-உம் 22-உம் சேர்ந்து 39, வகுத்தால் 7.67. இரண்டாம் செமஸ்டரில் கிரெடிட் அதிகம் என்பதால் சராசரி அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

ஒவ்வொரு செமஸ்டரும் முடிய முடிய சிஜிபிஏ இறுகிக்கொண்டே போகும். ஐந்து செமஸ்டரில் 100 கிரெடிட் முடித்து சிஜிபிஏ 7.0 வைத்திருக்கும் ஒருவர், கடைசி செமஸ்டரில் 20 கிரெடிட்டுக்கும் உழைத்து 9.0 எடுக்கிறார். பிரமாதமான செமஸ்டர் அது. ஆனால் 700-உம் 180-உம் சேர்ந்து 880, அதை 120-ஆல் வகுத்தால் 7.33. கடைசி வருடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று முதலாண்டுப் பிள்ளைகள் யாராவது சொன்னால் இந்த ஒரு கணக்கை மட்டும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்.

சதவீதம் கேட்டால்

நான் அதிகம் கவலைப்படுவது இந்த இடத்தைப் பற்றித்தான். கல்லூரி கிரேடுக்கு மாறிவிட்டது. வேலை விண்ணப்பமும் நுழைவுத் தேர்வுப் படிவமும் இன்னும் சதவீதம்தான் கேட்கின்றன. கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வை முதுகலை முடித்து எழுதுவதென்றால் பொதுப் பிரிவினருக்கு அதில் 55 சதவீதம் வேண்டும். பல வேலைகளுக்குப் பட்டப்படிப்பில் 60 சதவீதம் கேட்கிறார்கள். புள்ளியைச் சதவீதமாக்கியே தீர வேண்டும்.

எப்படி ஆக்குவது என்பதற்கு நாடு முழுவதற்கும் ஒரே சூத்திரம் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தில் சிஜிபிஏவைப் பத்தால் பெருக்கினால் போதும். கர்நாடகத்தின் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 2015 பாடத்திட்டத்தில் முதலில் 0.75-ஐக் கழித்துவிட்டுப் பத்தால் பெருக்க வேண்டியிருந்தது. குஜராத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 0.5-ஐக் கழித்துவிட்டுப் பத்தால் பெருக்க வேண்டும். சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் சிஜிபிஏ கொடுத்த காலத்தில் 9.5-ஆல் பெருக்கச் சொன்னது. ஆக, ஒரே 8.0 என்ற எண் முதல் கணக்கில் 80, இரண்டாவதில் 72.5, மூன்றாவதில் 75, நான்காவதில் 76.

தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ அமைப்பு தன் கையேட்டில் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறது: 6.25 என்றால் 55 சதவீதம், 6.75 என்றால் 60, 7.25 என்றால் 65, 7.75 என்றால் 70, 8.25 என்றால் 75. உற்றுப் பார்த்தால் இதுவும் 0.75 கழிக்கும் கணக்குதான்.

ஏன் கழிக்க வேண்டும், ஏன் 9.5? படியை நினைத்துப் பாருங்கள். 91 வாங்கியவருக்கும் 10 புள்ளி, 100 வாங்கியவருக்கும் 10 புள்ளி. பத்தால் பெருக்கினால் இரண்டு பேருக்கும் 100 சதவீதம் ஆகிவிடும். 91 வாங்கியவர் அவ்வளவு வாங்கவில்லையே. அந்தப் படியில் நிற்பவர்களின் உண்மையான மார்க் நடுவில் எங்கோ, 95-ஐ ஒட்டி இருக்கும். 95-ஐப் பத்தால் வகுத்தால் 9.5, அந்த எண் வந்த வழி இதுதான். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் படிகளின் உயரத்தைப் பார்த்துத் தனக்கான சூத்திரத்தை வைத்துக்கொள்கிறது.

எனக்கு நெருங்கிய நண்பர் ஒருவர் சிஜிபிஏ 6.3 வைத்திருந்தார். 60 சதவீதம் கேட்ட ஒரு வேலைக்கு, பத்தால் பெருக்கி 63 என்று நிரப்பினார். எழுத்துத் தேர்வு, நேர்முகம் எல்லாம் நன்றாகப் போயின. சான்றிதழ் சரிபார்ப்பில் மார்க் ஷீட்டைத் திருப்பிப் பார்த்தார்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 9.5-ஆல் பெருக்கவும் என்று அச்சாகியிருந்தது. 6.3-ஐ 9.5-ஆல் பெருக்கினால் 59.85. அதை 60 ஆக எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று அவர் கேட்டார். வங்கித் தேர்வு அறிவிப்புகளிலேயே 59.99 என்றாலும் 60-க்குக் குறைவாகத்தான் கொள்ளப்படும் என்று எழுதியிருப்பார்கள். அவர் விண்ணப்பித்த இடத்திலும் அதே விதிதான். திரும்பி வந்தார். இரண்டு வருட உழைப்பு. அந்தப் பின்பக்கத்தை அவருக்கு யாரும் அதுவரை காட்டவில்லை.

ஆகவே சதவீதம் கேட்கும் படிவம் கையில் வந்தால் முதலில் மார்க் ஷீட்டின் பின்பக்கம், பிறகு உங்கள் ரெகுலேஷன். இரண்டிலும் சூத்திரம் இல்லையென்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் விண்ணப்பித்து, சதவீதத்துக்கு மாற்றித் தரும் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கான அறிவிப்பிலேயே ஒரு சூத்திரம் கொடுத்திருந்தால் அங்கே அதன்படிதான் நிரப்ப வேண்டும். கூகுளில் கிடைக்கும் சிஜிபிஏ கால்குலேட்டரை நம்பி எதையும் நிரப்பாதீர்கள். அது யாருடைய சூத்திரத்தைப் போடுகிறது என்று தெரியாது.

எந்தச் சூத்திரம் போட்டாலும் அசல் மார்க் சதவீதம் திரும்பி வராது என்பதையும் மனதில் வையுங்கள். மேலே பார்த்த அண்ணா பல்கலைக்கழகப் படிகளிலேயே சோதிக்கலாம். ஒரே கிரெடிட் உள்ள ஐந்து பாடங்கள். ஒருவர் ஐந்திலும் 80 எடுக்கிறார். சராசரி 80, எல்லாமே ‘ஏ’, புள்ளி 8.0. இன்னொருவர் நான்கில் 81, ஒன்றில் 71 எடுக்கிறார், சராசரி 79. ஆனால் நான்கு ‘ஏ பிளஸ்’, ஓர் ‘ஏ’, புள்ளி 8.8. சராசரியில் ஒரு மார்க் பின்னால் இருப்பவர் புள்ளியில் முக்கால் புள்ளிக்கு மேல் முன்னால் நிற்கிறார். இது முறையில் உள்ள குறைதான். படி வைத்தால் விளிம்பும் இருக்கும். விளிம்புக்கு இந்தப் பக்கம் நின்றவருக்கு நியாயம் குறைகிறது. ஒருவரையொருவர் 0.2, 0.3 புள்ளி வித்தியாசத்தில் அளந்து பேசும் பெற்றோர்களும் கம்பெனிகளும் இதைத் தெரிந்துகொண்டால் பல பிள்ளைகளுக்கு நிம்மதி.

வகுப்போடு ஒப்பிடும் கிரேடு

இதுவரை சொன்னது நிலையான எல்லை வைத்த முறை. 81 என்றால் ‘ஏ பிளஸ்’, வகுப்பில் மற்றவர்கள் எவ்வளவு வாங்கினாலும் சரி. இன்னொரு வகை இருக்கிறது, ரிலேட்டிவ் கிரேடிங். அதில் மற்றவர்களோடு வைத்துப் பார்த்துத்தான் எழுத்து தருவார்கள். யுஜிசி வழிகாட்டு நெறி இரண்டையும் அனுமதிக்கிறது.

இதற்கு நல்ல உதாரணம் சிபிஎஸ்இ பொதுத்தேர்வு. ஒரு பாடத்தில் பாஸானவர்களை மார்க் வரிசையில் நிறுத்தி எட்டுச் சம பங்காகப் பிரிப்பார்கள். முதல் பங்குக்கு ஏ1, அடுத்ததற்கு ஏ2, பிறகு பி1, பி2 என்று இறங்கி டி2 வரை. 8,000 பேர் பாஸ் என்றால் முதல் ஆயிரம் பேருக்கு ஏ1. வினாத்தாள் கடினமாக இருந்த வருடம் 85-க்கே ஏ1 கிடைக்கலாம்; எளிதாக இருந்தால் 93 வாங்கியும் ஏ2 ஆகலாம். அதனால்தான் ஒரே மாணவர் இரண்டு பாடத்தில் ஒரே மார்க் வாங்கி இரண்டு வேறு கிரேடு வாங்குவது நடக்கிறது. அச்சுப் பிழை என்று நினைத்துப் பதறுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

லட்சக்கணக்கானவர்கள் எழுதும் தேர்வில் இது நியாயமான முறை என்றுதான் நினைக்கிறேன். வினாத்தாள் கடினமானதற்குப் பிள்ளைகளைத் தண்டிக்கக் கூடாது. பதினைந்து பேர் உள்ள வகுப்பில் மட்டும் இதைப் பயன்படுத்தக் கூடாது. அங்கே பதினைந்து பேருமே நன்றாகப் படித்திருக்கலாம், யாராவது ஒருவர் கீழே போய்த்தான் ஆக வேண்டும் என்றாகிவிடும்.

வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 4 புள்ளி அளவுகோல் என்பதால் 8-ஐ 10-ஆல் வகுத்து 4-ஆல் பெருக்கி 3.2 என்று தாங்களே எழுதிவிடுகிறார்கள். கேட்டாலொழிய அப்படி மாற்றாதீர்கள். டிரான்ஸ்கிரிப்ட்டில், அதாவது பல்கலைக்கழகம் தரும் மதிப்பெண் தொகுப்பில், உள்ள எண்ணை, ‘10-க்கு’ என்ற குறிப்போடு அப்படியே கொடுங்கள். ஜெர்மனியில் அளவுகோலே தலைகீழ், 1 தான் உச்சம். அங்கே மாற்றியமைத்த பவேரியச் சூத்திரம் என்று ஒன்று இருக்கிறது. உச்சப் புள்ளியிலிருந்து உங்கள் புள்ளியைக் கழித்து, உச்சத்துக்கும் பாஸ் புள்ளிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். உங்கள் பல்கலைக்கழகத்தில் பாஸ் புள்ளி 4 என்றால் 8.0 என்பது 2.0 ஆகிறது. பாஸ் புள்ளி 5 என்றால் அதே 8.0 என்பது 2.2 ஆகிவிடும். எங்கே பார்த்தாலும் அளவுகோலின் அடிப்படி எங்கே இருக்கிறது என்று கேட்காமல் எண்ணைப் படிக்க முடியவில்லை.

தாத்தாவின் கேள்விக்கு வருகிறேன். அவள் பல்கலைக்கழகத்தின் ரெகுலேஷனை இறக்கிப் பார்த்தோம். சதவீதமாக மாற்றுவது கடைசியில் வரும் சிஜிபிஏவுக்குத்தான், ஒரு செமஸ்டருக்கு இல்லை என்று அதில் இருந்தது. அதனால் தாத்தாவிடம் பாடம் பாடமாகச் சொன்னேன்: தமிழில் மேல் படி, லேப்பிலும் மேல் படி, கணிதத்தில் மட்டும் மூன்று படி கீழே. “கணக்குலதான் கோட்டை விட்டிருக்கா” என்றார். சதவீதமே சொல்லாமல் சரியாகப் பிடித்துவிட்டார். அன்று இரவு அவள் ஒரு நோட்டில் கட்டம் போட்டு கிரெடிட், புள்ளி, பெருக்கல் என்று மூன்று பத்தி வைத்தாள். கீழே 17, 145 என்று எழுதி, அடுத்த செமஸ்டர் கணிதத்துக்கு நேரே பென்சிலால் 8 என்று போட்டு வைத்திருக்கிறாள்.